மனக்கூண்டு: ஒரு திருத்தம்

ஜனவரி 4, சனி

இன்று சேலத்தில் விசைத்தறியின் கச்சேரி. நான் பாளையங்கோட்டையில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடும்போது பாட்டுக் கேட்க முடியாது என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மாவு கொரகொரவென்று வந்துவிட்டது.

விசைத்தறி ஈரோட்டு ராக் இசைக்குழு. மேடையில் நாலு பேர்தான், சத்தம் நாற்பது தறிக்கு இருக்கும். அவர்களுக்காக ‘தறிச்சத்தம்’ என்ற இணையதளத்தைப் பத்து வருடமாக நடத்துகிறேன். சுற்றுப்பயணத் தேதிகள், கச்சேரி விவரம், படங்கள், முக்கியமாகப் பாட்டு வரிகள். குழு இதுவரை ஒரு பாட்டைக்கூட அச்சில் தந்ததில்லை. ரசிகர்கள் அனுப்பும் கச்சேரி ஒலிப்பதிவுகளைக் காதால் கேட்டு வரி வரியாக எழுதிப் போட்டது நான். தளத்தின் கணினி வேலைகளைச் சார்ஜாவிலிருந்து நௌஷாத் என்ற ரசிகன் பார்த்துக்கொள்கிறான். நான் ஒரு பெண், நாற்பத்தாறு வயது, பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் ‘தறியன் அண்ணா’.

கவலை ஒன்றுதான். பாட்டெல்லாம் எழுதுகிற பேஸ் கிடாரிஸ்ட் செங்கோடன் சேலத்துக்கும் வரவில்லை. தொடர்ந்து மூன்றாவது கச்சேரி. யாரோ வாடகை ஆள் வாசித்தாராம்.

ஜனவரி 5, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து சேலம் பதிவைக் கேட்டேன். போன மாதம் ஈரோட்டுக்காரர் ஒருவர் தளத்தில் எழுதியிருந்தார்: “அது மனக்கூண்டு இல்லீங்க, மணிக்கூண்டு. எங்க ஊர் கடைவீதி மணிக்கூண்டு.” நான் அவருக்குக் கொஞ்சம் காரமாகவே பதில் எழுதினேன். அந்த வரி இது:

மனக்கூண்டில நிக்கறேன்
பண்ணொண்ணு வாங்கி வெச்சிருக்கேன்

மனமே கூண்டு, அதற்குள் கையில் ஒரு பண்ணோடு ஒருவன் நிற்கிறான். என்ன கற்பனை. இதைப் பற்றி நான் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரைதான் தளத்தில் அதிகம் பேர் படித்தது. பண் என்றால் என்ன, அதை எப்படி ‘வாங்க’ முடியும், குருவிடமிருந்து வாங்குவதா என்றெல்லாம் அலசியிருக்கிறேன். கோவை கல்லூரிப் பிள்ளைகள் ‘மனக்கூண்டு’ என்று பனியன் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

சேலத்தில் பாடகர் பூபதி, தண்ணீர் மாதிரித் தெளிவாக, ‘மனக்கூண்டு’ என்றுதான் பாடியிருக்கிறார். அந்தப் பகுதியை வெட்டி ஈரோட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தேன். பதில் இல்லை. இருக்காது.

ஜனவரி 8, புதன்

வேலை அதிகம். பொங்கலுக்கு முன் பத்திரப் பதிவை முடிக்க ஊரே வரிசையில் நிற்கிறது.

என் கணவர் சூசை, தான் வண்டி கற்றுத்தரும் ஓட்டுநர் பள்ளியிலிருந்து வந்து ஏதோ சொன்னார். “புளி வாங்கணுமா?” என்றேன்.

“புளி இல்லட்டி, கிளி. ரோட்ல கிளி ஒண்ணு அடிபட்டுக் கெடந்துச்சுன்னேன்.”

“வாய்க்குள்ளேயே பேசுனா யாருக்குக் கேக்கும்?”

“ஒனக்கு பாம்புச் செவின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுத. கட்டுன புருசன் பேசுதது மட்டும் விழாது.”

பாட்டு கேட்கிற காது வேறு, இவர் பேச்சைக் கேட்கிற காது வேறு. இது அவருக்குப் புரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று மதுரை. செங்கோடன் இல்லை. குழு உடைகிறது, பிப்ரவரி 8 ஈரோட்டுக் கச்சேரிதான் கடைசி என்று தளத்தில் வதந்தி. மூன்று பேரைக் கண்டித்தேன், ஒருவரை நீக்கினேன். கண்டித்தேனே தவிர எனக்கும் அதே பயம்தான். பூபதியும் செங்கோடனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் எழுத, ஒருவர் பாட, பதினைந்து வருடம் ஓடியிருக்கிறது. இவர்கள் பிரிந்தால் விசைத்தறி இல்லை. விசைத்தறி இல்லாவிட்டால் நான் காலையில் பத்திரம், மாலையில் இட்லி, அவ்வளவுதான்.

ஒரு நல்ல சேதி நௌஷாத் சொன்னான். கச்சேரி நடக்கிற நாளில், நடக்கிற ஊரிலிருந்து, யாரோ ஒருவர் நம் பாட்டு வரிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறாராம். சேலத்திலும் அப்படியே, மதுரையிலும் அப்படியே. மேடையில் எந்த வரிசையில் பாடுகிறார்களோ அதே வரிசை.

“கூடவே பாடுறாங்கக்கா. ஊர் ஊரா பின்னாடியே போற ரசிகர் போல.”

இந்த மனிதருக்காகவாவது எழுத்துப்பிழை இல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை நன்றாகப் பொங்கியது. சூசையின் தங்கை குடும்பத்தோடு வந்தாள். “மதினி இன்னும் அந்தக் கத்துத கோஷ்டி பாட்டத்தான் கேக்கீயளா?” என்றாள். அவளுக்குக் கரும்பில் அடிப்பக்கம் தராமல் நுனிப்பக்கம் தந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

புதுப்பாட்டு ‘கோவக்காரி’யின் வரிகளை ஏற்றினேன். அலுவலகத்தில் உணவு நேரத்தில் அவசரமாக அடித்தது. நாளை திருச்சி.

சூசை கேட்டார்: “திருச்சிக்கு ரெண்டு டிக்கெட் போடட்டா? ஒரு வாட்டியாவது நேர்ல பாரேன்.”

வீட்டில் வெள்ளையடிக்க வேண்டும் என்று சொன்னேன். வெள்ளை போன வருடம்தான் அடித்தோம் என்றார். அந்தக் கூட்டத்தில் எல்லாம் இருபது வயது. நான் போய் நின்றால் யாரையோ கூட்டிப்போக வந்த அம்மா என்று நினைப்பார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

திருச்சிப் பதிவை ஐந்து முறை கேட்டேன். ஆறாவது முறை கேட்கத் தைரியம் இல்லை.

‘கோவக்காரி’யில் “புளி போட்ட கொழம்பு போல பொங்குதடி ஒன் கோவம்” என்று ஒரு வரி. முந்திய இரண்டு ஊரிலும், வரி தளத்தில் ஏறுவதற்கு முன், புளி என்றுதான் பாடினார். திருச்சியில் பூபதி, “புலி போட்ட கொழம்பு” என்று பாடியிருக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் மறுபடியும் அதையே பாடுகிறார்.

தளத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை அவசரத்தில் ஷிப்ட் அழுத்த மறந்திருக்கிறேன். ளி லியாகிவிட்டது. அங்கேயும் புலி.

இருபத்திரண்டு வருடத் தட்டச்சில் ஒரு சர்வே எண்ணைக்கூட நான் பிழையாக அடித்ததில்லை.

நௌஷாதிடம் சொன்னேன். அவன் திருச்சியிலிருந்து தளத்துக்கு வந்த வருகைகளை எடுத்துப் பார்த்தான். பிறகு, “அக்கா, ஊர் ஊரா பின்னாடி போற ரசிகர் யாருன்னு தெரிஞ்சிருச்சு” என்றான். பூபதி மேடையில் காலடியில் ஒரு டேப்லெட் வைத்திருக்கிறார். படங்களில் நாங்கள் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஒலி சம்பந்தமான கருவி என்று நினைத்திருந்தோம். அதில் இருப்பது எங்கள் தளம்.

ஆனால் இதனால் மனக்கூண்டு தவறு என்று ஆகிவிடாது. அது வேறு விஷயம்.

ஜனவரி 20, திங்கள்

வேறு விஷயம்தான்.

பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். டேப்லெட் இரண்டு வருடமாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிவுகளில் டிரம் சத்தம் அதிகம், சரியாகத் தெரியவில்லை. ஹெட்போன் பழசு.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்படியே பிரதி எடுத்து வைக்கிறேன்.

“தறியன் தம்பிக்கு, நான் செங்கோடன். இப்போது சென்னிமலையில் பெட்ஷீட் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மேடையில் என் பக்கத்து ஆம்ப்ளிஃபையர் சத்தத்தில் அவன் என்ன பாடுகிறான் என்று எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. போன நவம்பரில் உங்கள் தளத்தைப் படித்துத்தான் அவன் என் வரியை மாற்றிப் பாடுகிறான் என்று தெரிந்தது. பதிவைக் கேட்டேன், நீங்கள் எழுதியது சரியாகவே இருக்கிறது. நான் எழுதியது மணிக்கூண்டு. குழு ஆரம்பிக்கலாம் என்று பேசி, சென்னைக்குக் கிளம்ப, நான் ஈரோடு மணிக்கூண்டில் அவனுக்காக நாலு மணி நேரம் நின்றேன். பசிப்பானே என்று ஒரு பன்னு வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பாட்டு அதுதான். யார் மறந்தாலும் அவன் மறக்கலாமா? மனக்கூண்டாம், பண்ணாம். என் பன்னை அவன் கேவலமாக நினைத்திருக்கிறான். நீங்கள் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தீர்கள்.”

உள்ளதை உள்ளபடி.

சாயங்காலம் சோறு குழைந்துவிட்டது. சூசை மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜனவரி 22, புதன்

பன்.

எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் வழி சுலபமாகவே இருக்கிறது. பூபதி பக்கத்தில் இருப்பதைப் பாடுகிறவர். பக்கத்தை மாற்றிவிட்டால் நாளை தஞ்சாவூரில் சரியாகப் பாடிவிடுவார். செங்கோடன் கேட்பார், மனம் குளிர்வார், ஈரோட்டுக்கு வந்துவிடுவார். இதில் என் பேர் எதற்கு?

மாற்றிவிட்டேன். மணிக்கூண்டு. பன்னொண்ணு. கட்டுரையையும் ‘பராமரிப்புக்காக’ எடுத்துவைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வழி சுலபமாக இல்லை.

பூபதி சரியாகத்தான் பாடினார். தளம் தீப்பற்றி எரிகிறது. “பூபதி நம்ம வரிய மாத்திட்டாரு. தறியன் அண்ணா, கண்டிச்சு ஒரு அறிக்கை விடுங்க.” நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து. பனியன் போட்ட பிள்ளைகள் தஞ்சாவூரில் மேடையைப் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறார்கள்.

செங்கோடன் மறுபடி எழுதியிருக்கிறார்: “நான் கோவித்துக்கொண்டது யார் மூலமாகவோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. உடனே மாற்றிப் பாடுகிறான். அப்படியென்றால் இத்தனை நாள் தெரிந்தே செய்திருக்கிறான். இனி ஒட்டாது தம்பி.”

நல்லது செய்கிறேன் என்று இறங்கி, இருந்த ஒரு நூலையும் அறுத்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பன் வரும் வரைக்கும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை அவருக்கு.

பிறகு சொன்னார்: “வண்டி பழக வாரவன் மோதிட்டா நான் என்ன சொல்லுவேன்? ஓடாத, இறங்கி நில்லுன்னுதான சொல்லுவேன். நீயும் இறங்கி நில்லு.”

“எல்லாரும் என்னப் பாத்துச் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாப் போதும்லா.”

இந்த ஆள் சில நாள் சரியாகப் பேசிவிடுகிறார். தெளிவாகவும் கேட்கிறது.

ஜனவரி 29, புதன்

செங்கோடன் மின்னஞ்சலின் அடியில் போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்ய எடுத்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது. பிறகு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

இன்றும் முடியவில்லை. தலைக்குச் சாயம் போட்டிருந்தேன், போன் காதில் ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 1, சனி

பேசிவிட்டேன்.

“ஏனுங்க, யாருங்க பேசறது?”

“தறியன் பேசுதேன்.”

“தம்பி இல்லீங்களா?”

“தம்பி இல்லங்க. பேரு பிலோமினா. பாளையங்கோட்டை. நாப்பத்தாறு வயசு.” ஆரம்பித்ததும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நான்தான் தப்பாகக் கேட்டேன், நான்தான் எழுதினேன், பூபதி அதைப் பார்த்துப் பாடுகிறார், தஞ்சாவூருக்கு முந்தின நாள் திருட்டுத்தனமாக மாற்றியதும் நான்தான்.

அந்தப் பக்கம் யாரிடமோ பெட்ஷீட் விலை சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

“அக்கா,” என்றார் கடைசியில். “அவன் எழுதிக் குடுத்ததப் பாடுவான், அது செரிங்க. ஆனா அந்த வரி வந்தப்ப அவனுக்குத் தோணிருக்கோணுமல்லங்க? இது மணிக்கூண்டாச்சே, செங்கோடன் நின்ன எடமாச்சேன்னு?”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நானாப் போயி நிக்க மாட்டனுங்க. அன்னைக்கே நின்னாச்சு. அவனுக்குத் தெரியட்டும், அப்பறம் பாக்கலாம்.”

“எட்டாந்தேதி ஈரோட்டுக்கு வருவீயளா?”

“கடையிருக்குதுங்கக்கா.” வைத்துவிட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பூபதியைப் பிடிக்கவே முடியவில்லை. குழுவின் மேலாளருக்கு நாலு முறை போன். “ரசிகர்னா கச்சேரிக்கு வாங்க மேடம்” என்கிறார். இணையதளம் நடத்துகிறேன் என்றால், “நல்லது, நடத்துங்க” என்கிறார்.

சனிக்கிழமைக்குள் பூபதிக்குத் தெரியாவிட்டால் வாடகை ஆளோடு ஈரோட்டில் பாடி முடித்துவிடுவார்கள். அதன் பிறகு அவரவர் வழி.

அவர் கண்ணில் கட்டாயம் படுகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என் கையில் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு. சூசை இரண்டு ரயில் டிக்கெட் வாங்கியிருக்கிறார். எந்தச் சேலை என்று யோசித்து யோசித்துக் கடைசியில் சுடிதார் எடுத்துவைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ரயிலில்.

ரயில் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருக்கும். நேற்று நடந்தது நேற்று நடந்தபடி.

மைதானத்தில் மூவாயிரம் பேர் இருப்பார்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். நேரில் கேட்டால் சத்தம் காதில் விழுவதில்லை, நெஞ்செலும்பில் விழுகிறது. பத்து வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதில் கால்வாசிகூட இல்லை. யாரும் என்னை யாருடைய அம்மா என்றும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நாலாவது பாட்டின்போது, போனில், மணிக்கூண்டுப் பாட்டின் பக்கத்தைத் திறந்து, வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு நான் எழுதிவைத்திருந்ததைப் போட்டேன். டேப்லெட் விஷயத்தை அதில் சொல்லவில்லை. அது அவர் மானம். இவ்வளவுதான் எழுதினேன்:

“திருத்தம். இந்தப் பாட்டில் ‘மனக்கூண்டு’, ‘பண்’ என்று பத்து வருடமாக இங்கே இருந்தது பிழை. யாரும் வரியை மாற்றவில்லை. காதில் தப்பாக வாங்கி எழுதியவள் நான். செங்கோடன் எழுதியது மணிக்கூண்டு, பன். தன் நண்பன் வரியை வேண்டுமென்றே மாற்றிப் பாடுகிறான் என்று நினைத்து அவர் மேடைக்கு வராமல் இருக்கிறார். தஞ்சாவூருக்கு முன் சொல்லாமல் மாற்றியதும் நான்தான். இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பிலோமினா சூசை (தறியன்), பாளையங்கோட்டை.”

ஆறாவது பாட்டு. கிடார் முன்னிசை முடிந்தது. பூபதி குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தவர் பாடவில்லை. முன்னிசை மறுபடி ஒரு சுற்று வந்தது. அப்போதும் பாடவில்லை. கையைத் தூக்கினார், எல்லாம் நின்றது.

“எனக்கு வரி மறந்து போயிருமுங்க,” என்றார் மைக்கில். “ரெண்டு வருசமா ஒரு வெப்சைட்டப் பாத்துத்தான் பாடறேன். செங்கோடன்தான் எழுதித் தர்றான்னு நெனச்சேன். மனக்கூண்டுன்னு பாத்தப்ப, செரி, அவன் படிச்சவன், பெரிய வார்த்தையா மாத்திட்டான், பழசெல்லாம் அவனுக்கு வேண்டாம்போலன்னு விட்டுட்டேன்.” பிறகு என் திருத்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பாளையங்கோட்டை வரைக்கும் படித்தார்.

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. சூசை என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். திரும்பிப் பார்த்தவர்களில் ஒரு பனியன் பையன், “தறியன் அண்ணா... அக்கா?” என்றான். நான் தலையாட்டினேன்.

பூபதி அதற்குள் போனை எடுத்து மைக்கில் வைத்துவிட்டார். மணி அடிப்பது மைதானம் முழுக்கக் கேட்டது.

“செங்கோடா, எங்கடா இருக்கற?”

“மணிக்கூண்டுல.”

“கடைல இல்லியா?”

“வரலாமா வேண்டாமான்னு நிக்கறேன்டா.”

“எவ்ளோ நேரமா?”

“நாலு மணிலருந்து.”

பூபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அங்கயே நில்லு. இன்னைக்கு நான் வர்றேன்.”

மூவாயிரம் பேரையும் நிற்கவைத்துவிட்டு யாருடைய பைக்கிலோ ஏறிப் போய்விட்டார். இருபத்தைந்து நிமிடம். டிரம்காரர் மட்டும் தனியாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஒருவர்கூட வெளியே போகவில்லை. பைக் திரும்பி வந்தபோது செங்கோடன் பின்னால் உட்கார்ந்திருந்தார். வேட்டி, கடைக்குப் போடுகிற சட்டை, இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. கையில் பன் ஏதும் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை.

செங்கோடன் கிடாரை மாட்டிக்கொண்டார். பூபதி டேப்லெட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பாட்டு ஆரம்பித்தது. அந்த வரி வந்ததும் இருவரும் ஒரே மைக்கில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, “மணிக்கூண்டில நிக்கறேன்” என்று பாடினார்கள். அப்புறம் பூபதி மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார்.

பத்து வருடப் பழக்கம். இவ்வளவு நடந்தும் மூவாயிரம் பேரும் ஒரே குரலில் “மனக்கூண்டில நிக்கறேன், பண்ணொண்ணு வாங்கி வெச்சிருக்கேன்” என்று பாடினார்கள். செங்கோடன் சிரித்த சிரிப்பில் இரண்டு தந்தியைத் தப்பாக மீட்டிவிட்டார்.

கூட்டத்தைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் மனக்கூண்டு என்றுதான் பாடினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சுற்றுப்பயணப் பக்கத்தில் ஏற்றியது: “மார்ச் 1, நாமக்கல். பேஸ் கிடார்: செங்கோடன்.” அவர் பெயரை மூன்று முறை சரிபார்த்தேன்.